பப்லுவின் இடது கன்னம்

பப்லுவின் இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு கருப்புப் பொட்டு இருந்தது. அதைப் பார்த்ததும் இளஞ்செழியனுக்கு வாயிலிருந்த தோசை இறங்கவில்லை.

பப்லு குழந்தையல்ல. பத்து கிலோ ரப்பரும் இரும்பும். குழந்தைகளுக்கான கார் சீட்டுகளைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தின் டம்மி. சீட்டில் வைத்து வாரால் கட்டி, வேகமாக ஓடவிட்டு, சட்டென்று நிறுத்துவார்கள். அதன் கழுத்தும் மார்பும் என்ன பாடுபட்டன என்று கருவிகள் சொல்லும். நிஜக் குழந்தைகள் படக்கூடாத பாட்டையெல்லாம் படுவதுதான் பப்லுவின் உத்தியோகம்.

முந்தின நாள் மாலை டைரக்டர் ராஜசேகரன் பப்லுவைத் தன் அறைக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு தானே ஒருமுறை சரிபார்த்தார். பிறகு தலையோடு துணி உறை மாட்டி செழியனிடம் ஒப்படைத்தார்.

"ஆபீஸ் வண்டி படுத்துடுச்சு. காலையில உங்க கார்லயே சோதனைத் தளத்துக்குக் கொண்டு வந்துடுங்க. ஜாக்கிரதை."

செழியன் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் பொறுப்பில் நடக்கப்போகும் முதல் சோதனை இது. பப்லுவைத் தில்லி கிட்வாய் நகர் வீட்டுக்குக் கொண்டுவந்து, மகள் சிந்துவுக்காக வாங்கி வைத்திருந்த சீட்டில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டுத்தான் தூங்கப்போனான். விடிந்து பார்த்தால், உறையைக் காணோம். மேலே ஒரு சால்வை. கன்னத்தில் பொட்டு.

"அத்தை, கொஞ்சம் இங்க வாங்க."

மாமியார் இந்திராணி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பேத்தியைப் பார்த்துக்கொள்ள விருதுநகரிலிருந்து வந்தவர்.

"இது என்ன?"

"பொட்டு."

"யார் வெச்சது?"

"நான் வைக்கல மாப்ள."

"இந்தச் சால்வை?"

"அது நான்தான். ஜனவரிக் குளிர்ல புள்ள வெறும் மேலோட உக்காந்திருக்கு. மூஞ்சிய வேற துணி போட்டு மூடி வச்சிருக்கீங்க. மூச்சு முட்டாதா? உறையக் கழட்டுனேன், போத்தி விட்டேன். பொட்டு நான் வைக்கல."

ரப்பர் பொம்மைக்கு மூச்சு முட்டும் என்று கவலைப்படுகிறவர், அதற்குத் திருஷ்டிப் பொட்டு வைக்காமலா இருப்பார்? செழியனைப் பொறுத்தவரை வழக்கு அப்போதே முடிந்துவிட்டது.

அந்த வீட்டில் ஏற்கெனவே பனிப்போர் ஒன்று நடந்துகொண்டிருந்தது. செழியன் பகுத்தறிவுக் குடும்பத்துப் பிள்ளை. சிந்துவுக்குத் திருஷ்டிப் பொட்டு கூடாது என்பது அவன் சட்டம். பச்சைப் பிள்ளையைக் காரில் கட்டிப்போடக் கூடாது, மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மாமியாரின் சட்டம். நாளைக்கு ஜெய்ப்பூரில் மைத்துனனின் புதுவீட்டுக் கிரகப்பிரவேசம். நெடுஞ்சாலையில் பல மணி நேரப் பயணம். மடியில் வைத்த டம்மி திடீர் பிரேக்கில் எங்கே போய் விழும் என்பதைச் செழியன் ஆய்வுக்கூட வீடியோவில் பார்த்திருந்தான். பார்த்த அன்று வீட்டுக்கு வந்து, சிந்துவைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் இறக்கவே இல்லை. அதை மாமியாருக்குச் சொல்லிப் புரியவைக்கத்தான் தெரியவில்லை.

இப்போது அதற்கு நேரமும் இல்லை. ராஜசேகரன் எப்படிப்பட்டவர் என்று ஆய்வுக்கூடமே கதை கதையாகச் சொல்லும். யாரோ இயந்திரத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியதற்கு, "இது விஞ்ஞானக்கூடமா, பூஜை அறையா?" என்று கேட்டுத் தன் கையாலேயே அறுத்து எறிந்தவராம்.

செழியன் ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தான். மிளகு, எட்டணா அளவுக்கு விரிந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தான். கன்னம் முழுக்கக் கருமை பரவி, பப்லு யாரிடமோ அடி வாங்கினவன் மாதிரி ஆனான்.

"மைக்கு எண்ணெய்தான் கேக்கும்," என்றாள் மனைவி கவிப்ரியா, செருப்பை மாட்டியபடி. "எனக்கு மெட்ரோவுக்கு நேரமாச்சு. நீங்களும் அம்மாவும் பேசித் தீத்துக்கங்க." போயே விட்டாள்.

தேங்காய் எண்ணெய் வேலை செய்தது. அளவுக்கு மீறியே செய்தது. கன்னத்துக் கருமை போனது. ஆனால் சாய்த்துப் பிடித்ததில் எண்ணெய் பின்கழுத்து வழியாக வலது காது வரை வழிந்து, அங்கே ஒட்டியிருந்த கருப்பு மஞ்சள் வட்ட ஸ்டிக்கரையும் உரித்துக்கொண்டு வந்தது. கேமரா கண் வைத்துத் தொடர்கிற அடையாளம் அது. அது இல்லாமல் சோதனையே இல்லை.

செழியன் மாமியாரின் அலமாரிக் கண்ணாடிக்கு ஓடினான். அதில் வரிசையாக ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் ஆகப் பெரிய கருப்பை உரித்தான்.

"மாப்ள, அது என் பொட்டு."

"அவசரம் அத்தை."

"என் பேத்திக்கு நான் வைக்கக் கூடாது. பொம்மைக்கு நீங்க வைக்கலாமோ?"

செழியன் அதைப் பப்லுவின் வலது காதோரம் ஒட்டினான். மஞ்சள் நிறத்துக்கு எங்கே போவது? அஞ்சறைப் பெட்டிக்குத்தான் போனான். மஞ்சள் தூளைக் குழைத்து, வட்டத்தில் எதிரெதிர்க் கால் பாகங்களுக்குப் பூசினான். எண்ணெய் பளபளக்க, மஞ்சள் மணக்க, காதோரம் பொட்டோடு பப்லு காதுகுத்துக்கு ரெடியான பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இப்ப யாரு மாப்ள சாமி கும்பிடுறது?" என்று கேட்டார் இந்திராணி.

செழியனுக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாம் உங்களாலதான் அத்தை. செஞ்சதை ஒத்துக்கிட்டாலாவது பரவாயில்ல."

"செய்யாதத எப்படி ஒத்துக்கிறது?" அவர் குரல் இறங்கிப்போயிற்று. "சரி. நாளைக்கு நான் உங்க கார்ல வரல. ரயில்ல போய்க்கிறேன். சிந்துவும் என்கூடத்தான் வருவா."

சோதனைத் தளத்தில் புதுச் சீட்டு தயாராக இருந்தது. கேமராக்களைப் பார்த்துக்கொள்ளும் சுஷ்மா, தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பப்லுவின் வலது காதைப் பார்த்தாள். பிறகு செழியனைப் பார்த்தாள். கேமராவுக்குத் திரும்பினாள்.

ராஜசேகரன் வந்தார். மற்றவர்களைப் போல முதலில் வார்களை இழுத்துப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து பப்லுவின் இடது கன்னத்தைப் பார்த்தார். விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோனார்.

"இங்க யார் துடைச்சது?"

இனி மறைப்பதில் பயனில்லை என்று செழியனுக்குத் தெரிந்தது. "நான்தான் சார். என் மாமியார் பொட்டு வெச்சுட்டாங்க. பழைய காலத்து மனுஷி. திருஷ்டி, அது இதுன்னு. அறியாமைதான் சார், மன்னிச்சிடுங்க."

"அறியாமை," என்றார் ராஜசேகரன் மெதுவாக.

"ஆமா சார். படிச்சவங்க யாராவது டம்மிக்குப் பொட்டு வெப்பாங்களா?"

டைரக்டரின் காது மடல் சிவந்தது. "டெஸ்டை நிறுத்தி வைங்க," என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று கார்கள் நிற்கும் பக்கம் போய்விட்டார்.

முதல் சோதனையே கடைசிச் சோதனையாகப் போகிறது. செழியன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான்.

"அத்தை, நீங்க வெச்ச பொட்டால டைரக்டர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார். வேலையே போயிடும் போலிருக்கு."

அந்தப் பக்கம் சிந்து எதையோ தட்டுவது கேட்டது.

"அவருகிட்ட போனக் குடுங்க மாப்ள," என்றார் இந்திராணி. "நான்தான் வச்சேன்னு சொல்லிடுறேன்."

"இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே."

"ஒத்துக்கிறேன். ராத்திரி எந்திரிச்சு நான்தான் வச்சேன். உங்க மேல தப்பில்லன்னு ஆயிடும்ல? நாளைக்குச் சிந்துவ அந்தச் சீட்டுலயே உக்கார வைங்க, நான் குறுக்க நிக்கல. பக்கத்துல உக்காந்து அவ விரலப் பிடிச்சுக்கிறேன், அது போதும். நீங்க மனசு விட்றாதீங்க."

இத்தனை நாளாகப் போட்ட சண்டையில் செழியன் ஜெயித்துவிட்டான். போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான்.

சுஷ்மா கேமராவிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எதுக்கு ஜி இவ்ளோ டென்ஷன்? சார் கார்லேர்ந்து மை டப்பா எடுக்கத்தான் போயிருக்கார். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முந்தின நாள் ரூம் கதவை பந்த் பண்ணிட்டு, கேமராவுக்குத் தெரியாத கன்னத்துல அவரேதான் பப்லுவுக்குப் பொட்டு வைப்பார்."