எண்பது பங்கு கேஸ்

ஒரு ஊரில் ஒரு இன்ஜின் இருந்ததாம். அந்த இன்ஜினுக்கு ஒரு அடிமை இருந்தானாம். அந்த அடிமைக்கு ஒரு மனைவி இருந்தாளாம். அடிமை நான்தான்.

எங்கள் மாவு மில் இன்ஜின் டீசலும் குடிக்கும், சாணத் தொட்டி கேஸும் குடிக்கும். அதே தொட்டியிலிருந்து இன்னொரு குழாய் சமையலறைக்குப் போகிறது. வம்பு அங்கேதான். வெறும் டீசலில் ஓட்டினால் கரும்புகை, எண்பது பங்கு கேஸ், இருபது பங்கு டீசல் என்று ஓட்டினால் புகையே வராது என்று மூன்று மாதம் நோட்டும் கையுமாக அலைந்து கண்டுபிடித்திருந்தேன்.

"இனிமே கேஸ் முழுக்க இன்ஜினுக்கு" என்றேன் மனைவியிடம், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு.

"அப்ப சோறு?"

"விறகு இருக்கே."

"அந்தப் புகை யாரு கண்ணுல போகும்?"

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"சரி, நாளைக்குப் பந்தயம்" என்றாள். "ரெண்டு குழாயும் திறந்தே இருக்கட்டும். நான் சமைக்கிறேன், நீங்க மில்லை ஓட்டுங்க. புகைக்குழாய் முன்னாடி ஒரு வெள்ளைத் துண்டு. கால் மணி நேரத்துல கறுக்கலைன்னா கேஸ் உங்களுக்கு. கறுத்தா அடுப்புக்கு. வால்வுல யாரும் கை வைக்கக் கூடாது."

நடுவர், பக்கத்துச் சலவைக்கடை அண்ணன். எங்கள் புகையால் ஒரே சட்டையை இரண்டு தடவை வெளுப்பவர்.

கை வைக்காதே என்றால் வைக்காமலிருக்க நான் என்ன மகானா? மறுநாள் பந்தயம் தொடங்கியதும் பூனைபோலக் கொல்லைக்குப் போனேன். சிவப்புப் பிடி அடுப்புக்கு, நீலப் பிடி இன்ஜினுக்கு. சிவப்பை இறுக்கி மூடிவிட்டு ஓடிவந்தேன். இனி மொத்த கேஸும் என் ராசாவுக்கு.

இன்ஜின் குடுகுடுவென்று ஓடியது. சத்தத்தில் ஒரு குறையுமில்லை. துண்டு மட்டும் மாநிறமாகி, பிறகு எருமை நிறமாகிவிட்டது.

"தம்பி, இது துண்டா, காக்கா றெக்கையா?" என்றார் அண்ணன்.

சமையலறைக்கு ஓடினேன். அடுப்பு ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

"எப்படி எரியுது? நான்தான்..."

"நீங்கதான்?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கையைக் காட்டுங்க."

உள்ளங்கை முழுக்கச் சிவப்பு.

"காலையிலதான் ரெண்டு பிடிக்கும் பெயிண்ட்டை மாத்தி அடிச்சேன். இன்னும் காயலை. நீங்க மூடினது உங்க இன்ஜின் வால்வை. கேஸ் நின்னாலும் அது நிக்காது, சத்தமில்லாம டீசல்லயே ஓடும்னு மூணு மாசமா எனக்குப் பாடம் எடுத்ததே நீங்கதானே."

"இது ஏமாத்து."

"நான் பெயிண்ட்தான் அடிச்சேன், வால்வைத் திருகலை. நீங்களும் சும்மா இருந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

அண்ணன் துண்டை என் தோளில் போட்டுவிட்டுக் கடைக்கு நடந்தார்.

"பெயிண்ட்டுக்கு டீசல் போட்டுத் தேய்ங்க, போயிடும்" என்று சொல்லிவிட்டு அவளும் சோறு வடிக்கப் போனாள்.

மில்லுக்குப் போனேன். இன்ஜின் நின்றிருந்தது. டேங்கில் ஒரு சொட்டு டீசல் இல்லை.