டிக்கியில் ஒரு டொக்

எங்கள் வீட்டுக்காரர் காரைத் தானே ரிப்பேர் செய்வது என்று முடிவெடுத்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் ஈரத்துணியோடு நிற்கிறவளிடம்தான் மனுஷர் எப்போதும் பெரிய முடிவுகளை அறிவிப்பார். ஓட முடியாது பாருங்கள்.

"இனிமே இந்த வண்டியில வேற எவனும் கை வைக்கக்கூடாது. நானே பார்த்துக்கறேன்."

"அதுக்கு ஏதாவது படிச்சிருக்க வேண்டாமா?"

"எல்லாத்துக்கும் ஃபோன்ல வீடியோ இருக்கு."

"பிரசவம் பார்க்கக்கூட இருக்கு."

அவர் காதில் வாங்கவில்லை. வாங்கினால்தான் ஆச்சரியம்.

நோய் இதுதான். வண்டி வளைவில் திரும்பினால் பின்பக்கம் எங்கேயோ 'டொக்' என்று ஒரு சத்தம். நேராகப் போனால் பேச்சு மூச்சு இல்லை. என் மாமியாரும் அப்படித்தான் இருந்தார். அவர் சொன்ன பாதையில் நேராகப் போகிறவரை வாயே திறக்க மாட்டார்.

வண்டி டொக் என்றால் என்ன, டக் என்றால் என்ன, எனக்கு வேறு கவலை. என் தங்கை படியில் தவறி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் வீடு மலைக்கு அந்தப் பக்கம். கார் இல்லாமல் போக முடியாத இடம். தினமும் ஃபோன்.

"அக்கா, ஒரு நாள் வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போயேன். இந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து அதுக்கே என்னைப் பிடிக்காமப் போயிடுச்சு."

போகலாம்தான். ஆனால் சத்தம் நிற்காமல் இவர் அந்தப் பக்கம் வண்டியை எடுக்க மாட்டார். போன தடவை நாங்கள் போய் இறங்கியபோது சகலை வாசலிலேயே நின்று, "என்ன அண்ணே, அம்மிக்கல்லு ஏதும் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வி, என் தங்கையின் மாவுக்கட்டைவிட இறுக்கமாக இவரைப் பிடித்துக்கொண்டது.

"அப்போ நான் ஓட்டிட்டுப் போறேன். லைசென்ஸ் இருக்கே" என்றேன். கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. நகையைக்கூட அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை. தவறாமல் புதுப்பித்து வைத்திருக்கிறேன்.

"அந்த வண்டிக்கு என் கைதான் பழக்கம்."

"கறவை மாடா அது?"

அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் டிக்கியைத் துடைக்கப் போனேன். இடது ஓரத்தில், பின் விளக்குக்குப் பக்கத்தில், ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி. போன மாதம் இவர்தான் அதைத் திறந்து பல்பு மாற்றினார். அதற்கு ஒரு பாராட்டுவிழா நடத்தாததுதான் பாக்கி. மூடியின் திருகைக் கையால் திருப்பினேன். உள்ளேயிருந்து ஒரு ஸ்பானர் நழுவி என் காலடியில் விழுந்தது. டொக்.

அதை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம்தான் போனேன். சத்தியமாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நாற்காலியில் சாய்ந்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இந்தச் சத்தம் இருக்கே…"

"கொஞ்சம் சும்மா இரேன். சஸ்பென்ஷன் பத்திப் பார்த்திட்டிருக்கேன். இதெல்லாம் உனக்குப் புரியாது."

ஸ்பானரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பிறகு திரும்பிப் போய், எடுத்த இடத்திலேயே அதை வைத்து, மூடியை அழுத்தி மூடினேன். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பொய் சொல்லக்கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். கேட்காத காதைப் பிடித்து இழுத்து உண்மை சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் வைத்தியம் ஆரம்பமானது. முதலில் பின்சீட்டைக் கழற்றி ஹாலில் கொண்டுவந்து போட்டார். எதிர்வீட்டு அம்மா அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "புது சோஃபாவா? அடக்கமா இருக்கு" என்றார்.

"ஆமா. இன்னும் நாலு நாள் போனா ஸ்டீயரிங்கும் வந்துடும்" என்றேன்.

அடுத்து பக்கவாட்டுத் தகடுகளைக் கழற்ற வேண்டுமாம். அதற்குப் பத்தாம் நம்பர் ஸ்பானர் வேண்டுமாம். வீடு ரெண்டானது.

"பத்தாம் நம்பரைக் காணோம். நீதான் ஒழுங்குபடுத்தறேன்னு எங்கேயாவது தூக்கிப் போட்டிருப்பே."

"உங்க ஸ்பானரைக் கடைசியா எப்போ பயன்படுத்தினீங்க?"

"பல்பு மாத்தினப்போ."

"அங்கே பாருங்களேன்."

"அங்கே எப்படி இருக்கும்? நானே திறந்து நானே மூடின இடம். அங்கே தப்பு நடக்க வாய்ப்பே இல்லை."

இதற்குமேல் ஒரு மனைவி என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

தகட்டைக் கழற்ற முடியாததால், கழற்றாமலே நோயைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டார். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டி உண்டு. அதிலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டார். ஆனால் நோயாளி ஓடினால்தான் முனகும். ஓட்டிக்கொண்டே பின்னால் கேட்கலாமென்று கழுத்தைத் திருப்பினவர், எங்கள் வீட்டு கேட்டையே இடிக்கப் பார்த்தார். இறங்கி வந்து, நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"மெதுவா ஓட்டுவே இல்லே?"

"எனக்கு எங்கே தெரியும்? அதுக்கு உங்க கைதானே பழக்கம்."

"சரி சரி. ஏறு."

இப்படித்தான் நான் ஓட்டுநரானேன். சீட்டு இருந்த இடத்தில் பாய் விரித்து, தலையணை போட்டு, டிக்கிப் பக்கம் தலை வைத்துப் படுத்துக்கொண்டார். ஸ்டெதஸ்கோப்பைத் தகட்டில் வைத்துக்கொண்டு, "இப்போ திரும்பு" என்பார். திரும்புவேன். டொக்.

"இடது பக்கம். ஷாக் அப்சார்பர் போயிருக்கு. சந்தேகமே இல்லை."

முதல் நாள் வண்டி மூன்று இடத்தில் நின்று, குலுங்கி, தவளை மாதிரி பாய்ந்தது. அவர் கவனிக்கவில்லை, குலுங்கினால் இன்னும் நன்றாகக் கேட்கிறதாம். இரண்டாம் நாள் கை படிந்தது. ஆனால் நோய் தெரிந்துவிட்டதென்று அவர் எழுந்துவிட்டால் என் படிப்பு பாதியில் நின்றுவிடும். அதனால் ஸ்பானரை இடது மூடியிலிருந்து எடுத்து, வலது விளக்குக்குப் பக்கத்திலும் அதேபோல இருந்த மூடிக்குள் மாற்றிவைத்தேன்.

"இன்னிக்கு வலது பக்கம் கேட்குதே" என்றார் மறுநாள், குழம்பிப்போய்.

"பரவியிருக்குமோ?"

"இருக்கும். இன்னும் நாலு நாள் பார்க்கணும்."

பார்த்தோம். சந்தை நெரிசலில் பார்த்தோம், மேம்பாலத்தில் பார்த்தோம், மழையில்கூடப் பார்த்தோம். ரிவர்ஸ் எடுக்கையில் பார்த்தால் தெளிவாகக் கேட்கும் என்று நானே யோசனை சொன்னேன். அதுவும் கைவந்தது.

சனிக்கிழமை காலை சொன்னேன்: "ஊருக்குள்ளே வளைவு பத்தலைங்க. மலைப்பாதைன்னா நாள் முழுக்கத் திரும்பிட்டே இருக்கலாம்."

"நல்ல யோசனை" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பாராட்டி அவர் சொன்ன முதல் வார்த்தை. பாயில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டார். கண் திறந்திருந்தால் காது வேலை செய்யாதாம்.

மலை ஏறும்போது ஒரு தடவை கேட்டார்: "எங்கே போயிட்டிருக்கோம்?"

"வளைவுல."

உண்மைதான். இறங்கும்போது அவரிடமிருந்து குறட்டை வந்தது. தாலாட்டு மாதிரி பின்னால் டொக், டொக்.

தங்கை வீட்டு வாசலில் வண்டியை ஒரே முயற்சியில் சுவரோரம் நிறுத்தினேன். ஜன்னலில் அவள் முகம். நான் ஓட்டுநர் பக்கத்திலிருந்து இறங்குவதைப் பார்த்து, வாயில் கையை வைத்துக்கொண்டாள். சகலை ஓடி வந்து, சாமான் இறக்குவதற்காக டிக்கியைத் திறந்தார். உள்ளே தலையணை. தலையணைமேல் எங்கள் வீட்டுக்காரர். காதில் ஸ்டெதஸ்கோப்.

"அண்ணே, உடம்புக்கு என்ன?"

இவர் கண்ணைத் திறந்து, சகலையைப் பார்த்து, ஆகாயத்தைப் பார்த்து, "எனக்கில்லை, வண்டிக்கு" என்றார்.

அன்று முழுக்கத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன். மாவுக்கட்டில் பேனாவால் ஒரு ஸ்டீயரிங் வரைந்து கொடுத்தேன். சிரித்து, கால் வலிக்குது என்று அழுது, மறுபடி சிரித்தாள்.

கிளம்பும் நேரம் வந்தபோது மனசு இளகிவிட்டது. வந்த காரியம் முடிந்தது, இனி எதற்கு இந்த விளையாட்டு என்று ஸ்பானரை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வழியில் அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம். அந்த நேரம் பார்த்து வாசலில் இவர் குரல்.

"அவளுக்கு நான்தான் ஓட்டக் கத்துக்குடுத்தேன் சகலை. ஏதோ ஒரு அவசரத்துக்கு ஆகட்டுமேன்னு. மத்தபடி பொம்பளைங்களை நம்பி வண்டியைக் குடுக்க முடியுமா? திரும்பும்போது நான்தான் ஓட்டப்போறேன்."

நான் சாமான் வைக்கிற சாக்கில் டிக்கியைத் திறந்தேன். வலது மூடியைத் திருகினேன். மூடினேன்.

இவர் நெஞ்சை நிமிர்த்தி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். சகலைக்குக் கை காட்டினார். தெருமுனையில் திரும்பினார். டொக். அடுத்த முனையில் திரும்பினார். டொக்.

வண்டி ஓரமாக நின்றது. சாவியை என்னிடம் நீட்டிவிட்டு, பின்னால் போய்ப் பாயில் படுத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் தலையணைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பானர் மட்டும் கண்ணுல பட்டா சொல்லு. ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடுவேன்."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.