குறிஞ்சாக்கேணி ஸெய்னுதீன் உயிரோடிருக்கிறார்

உலகத்தில் மகத்தான சட்ட நிறுவனங்கள் மூன்று உண்டென்றால், ஒன்று இலண்டனில் இருக்கலாம், இன்னொன்று கொழும்பில் இருக்கலாம். மூன்றாவது திருகோணமலை உட்துறைமுக வீதியில், ஐஸ் தொழிற்சாலைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில் இருக்கிறது என்பதில் மட்டும் எள்ளளவும் சந்தேகமில்லை. ‘குலசிங்கம் அன் கொம்பனி, காப்புறுதிச் சட்ட விசேட நிபுணர்கள்’ என்று வாசல் பலகை சொல்லும். கோணாமலையாகிய நான் அங்கே தலைமைக் கிளாக்கர். வேறு கிளாக்கர் இல்லாதபடியால் தலைமைப் பதவி எனக்குப் போட்டியின்றிக் கிடைத்தது.

எங்களிடம் காணி வழக்கு இல்லை, அடிபிடி வழக்கு இல்லை. அதெல்லாம் சாதாரண பிரக்கிராசிமார் செய்யும் சில்லறை வேலை. கொழும்புக் காப்புறுதிக் கம்பெனி ஒன்று எங்களை ‘நிரந்தர ஆலோசகர்களாக’ வைத்திருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைத் தந்துவிட்டுப் போன புதுசு. கம்பெனி ஏஜெண்டுமார் சைக்கிளில் கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி வரை போய், “நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தால்?” என்று கண் கலங்கக் கேட்டுக் காப்புறுதி விற்றார்கள். அந்த ஒன்று நடந்த பிறகு, அது நடக்கவேயில்லை என்று நிறுவுவது எங்கள் வேலை. சமூகத்துக்கு இதைவிட ஆறுதலான சேவை எது?

இந்தத் திருப்பணிக்கு வந்து சேர்ந்தவர்தான் ஆனந்தராசா. கொழும்பில் சட்டம் படித்து, கறுத்தக் கோட்டும் மெல்லிய மீசையுமாக வந்த இளம் பிரக்கிராசி. முதல் நாளே பெரியவர் குலசிங்கம் அவரைக் கதிரையில் இருத்திப் பாடம் சொன்னார்.

“தம்பி, வாறவனிட்ட ஒருநாளும் ஏலாது எண்டு சொல்லாதையும்.”

“அப்ப என்ன சொல்லுறது, ஐயா?”

“வருந்துறம் எண்டு சொல்லும். ஏலாது எண்டால் அவன் சண்டைக்கு வருவான். வருந்துறம் எண்டால் அவனே எங்களுக்கு ஆறுதல் சொல்லிப்போட்டுப் போவான்.”

ஆனந்தராசா சீக்கிரம் வருந்தப் பழகிக்கொண்டார். அந்த மாரியிலேயே அலியார் முதலாளியின் அரிசி மூட்டைகள் வள்ளத்தில் நனைந்து வந்தன. காப்புறுதி கடல்நீருக்கு மட்டும். ஆனந்தராசா இறங்குதுறைக்குப் போய், ஒரு பிடி அரிசியை வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்பினார்.

“உப்பில்லை. மழைத் தண்ணி. வருந்துறம்.”

“ஐயா, மழையும் கடலும் ஒண்டாத்தானே அடிச்சது!” என்றார் அலியார்.

“அப்பிடியெண்டால் கடல் நனைச்ச அரிசியைப் பொறுக்கி வேறயா வையுங்கோ. அதுக்குத் தருவம்.”

பெரியவர் அன்று ஆனந்தராசாவுக்குத் தன் சொந்தப் பேனையைப் பரிசளித்தார். ஆனாலும் ஒருவர் காப்புறுதிச் சட்டத்தில் ‘எழும்ப’ வேண்டுமானால் அரிசி போதாது, ஆள் வேண்டும். அந்த ஆளைக் கொட்டியாரக் குடா கொடுத்தது.

குறிஞ்சாக்கேணி ஸெய்னுதீன் சொந்த வள்ளத்தில் விறகும் நெல்லும் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவருபவர். தன் உயிரைக் காப்புறுதி செய்திருந்தார். ஒருநாள் வாடைக் காற்றில் வள்ளம் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. கூடப் போன மைத்துனர் அபூதாஹிர் பலகை ஒன்றைப் பிடித்துத் தப்பிவிட்டார். ஸெய்னுதீனைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. ஊர்ப் பள்ளியில் அவருக்காகத் தொழுதார்கள். மனைவி நஜ்முன் நிஸா வெள்ளை உடுத்து இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வெளியே வராமல் வீட்டிலிருக்கும் கடமை அது. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். கம்பெனி பணம் கொடுத்தால் உடைந்து கரையொதுங்கிய வள்ளத்தைச் சரிபண்ணலாம், அபூதாஹிர் ஓட்டுவார், பிள்ளைகள் சாப்பிடும். கொடுக்காவிட்டால் சாப்பிடாது. வழக்கு அவ்வளவுதான்.

அபூதாஹிர் கந்தோருக்கு வந்து வாங்கின் நுனியில் இருந்தார். கையில் பலகை கீறிய காயம் ஆறியிருக்கவில்லை.

“மச்சான் தாழ்ந்து போனதை என்ட கண்ணால கண்டனான், ஐயா.”

“தாழ்ந்ததைக் கண்டியள்,” என்றார் ஆனந்தராசா மிகுந்த பரிவோடு. “எழும்பாததைக் கண்டியளோ?”

“எழும்பாததை எப்படி ஐயா காணுற?”

“காணேல்லை. கோணாமலை, எழுதும். சாட்சி காணவில்லை.”

நான் எழுதினேன். இவ்வளவு நுட்பமான கேள்வியை நான் அதுவரை கேட்டதில்லை.

அடுத்ததாக ஆனந்தராசா காப்புறுதிப் பத்திரத்தின் விதி ஒன்றை எடுத்து வைத்தார். மரணம் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் உரித்தாளர் எங்கள் கந்தோருக்கு ‘நேரில் சமுகமளிக்க’ வேண்டும்.

“தங்கச்சி இத்தாவில இரிக்கி, ஐயா. அவக்குப் பதிலாத்தான் நான் வந்திரிக்கன்.”

“உங்கட சமயத்தை நாங்கள் மதிக்கிறம். விதியையும் மதிக்கிறம். அவ வராட்டி விண்ணப்பம் காலாவதி. வருந்துறம்.”

அபூதாஹிர் ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டார். வயிற்றுப்பாட்டுக்கான அவசியத்துக்குப் பகலில் போய்வரலாம், தடையில்லை என்று அவர்கள் சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல், ஒரு கூடார வண்டிலையும் ஒழுங்குபண்ணி, நாலு பக்கமும் சேலை கட்டி, கிண்ணியாத் துறையில் ‘பாதை’ என்னும் மிதவைப் படகில் ஏற்றி அனுப்பினார்கள். தவணை முடிய இரண்டு நாள் இருக்கையில் வண்டில் எங்கள் வாசலில் வந்து நின்றது. விசேட நிபுணர்கள் எல்லோரும் தெருவில் இறங்கிச் சேலையைப் பார்த்தபடி நின்றோம்.

“நஜ்முன் நிஸா நீங்கள்தானோ?”

“ஓம், ஐயா,” என்றது சேலைக்குள்ளிருந்து ஒரு குரல்.

“வீட்டிலயிருந்து நீங்களே வந்தனீங்களோ?”

“ஓம், ஐயா. நீங்க வரச் சொன்னீங்க எண்டு அபூதாஹிர் காக்கா சொன்னார்.”

ஆனந்தராசாவின் முகம் பிரகாசித்தது. கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

“புருசன் செத்தால் மனிசி இத்தாவில வீட்டில இருப்பா. இவ வெளியில வந்திருக்கிறா. ஆகவே புருசன் சாகேல்லை. உங்கட வீட்டுக்காரர் உயிரோட இருக்கிறார், அம்மா. சந்தோசமாப் போட்டு வாங்கோ.”

“நீங்கதானே ஐயா வரச் சொன்னீங்க!” என்று அபூதாஹிர் கத்தினார்.

“நான் வரச் சொன்னது உண்மை. ஆனால் வந்தது அவ.”

வண்டில்காரர் மாட்டைத் திருப்பினார். பெரியவர் குலசிங்கம் ஆனந்தராசாவைக் கட்டிப்பிடித்தார். வராவிட்டால் காலாவதி, வந்தால் கணவன் உயிரோடு. இரண்டு பக்கமும் அடைத்த இப்படியொரு வேலியை வேறு எந்தச் சட்டத்துறையிலும் பார்க்க முடியாது. கொழும்பிலிருந்து பாராட்டுத் தந்தி வந்தது. ஒரு மனிதருக்கு உயிர் கொடுத்த சட்டத்தரணி என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு. ஊர்க் கதை வேறுமாதிரியாகவும் இருந்தது. அதை நாங்கள் ‘கவனத்தில் எடுக்கவில்லை’.

பெரியவர் நல்ல நாள் பார்த்து ஆனந்தராசாவைப் பங்காளியாக்கினார். பலகையில் அவர் பெயர் ஏறியது. விழாவுக்குக் கம்பெனி மனேச்சரே புகைவண்டியில் வந்தார். கேக், பற்றிஸ், இஞ்சிச் சோடா. பெரியவர் எழுந்து, “இந்த இளைஞர் கம்பெனிக்கு இலாபத்தை மட்டுமல்ல, ஒரு குடும்பத்துக்கு அதன் தலைவனையே மீட்டுத் தந்தவர்” என்றார். எல்லோரும் கைதட்டினோம். தட்டி ஓயும்போதுதான் வாசலில் இருவர் நிற்பது தெரிந்தது. ஒருவர் அபூதாஹிர். மற்றவர் முக்காடிட்ட ஒரு பெண். கையில் மடித்த சாரனும் சேட்டும் இருந்தன.

“பிரக்கிராசியார் ஐயா, இத்தா முடிஞ்சுது,” என்றார் நஜ்முன் நிஸா. “வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். உடுப்பும் கொண்டு வந்திரிக்கன்.”

“யார் இந்தப் பெண்?” என்று மனேச்சர் மெல்லக் கேட்டார்.

“காப்புறுதிதாரரின்ர மனிசி,” என்றார் பெரியவர்.

“காப்புறுதிதாரர் எங்கே?”

பெரியவர் கேக்கைப் பார்த்தார். ஆனந்தராசா தொண்டையைச் செருமினார்.

“அம்மா, உயிரோட இருக்கிறார் எண்டுதான் சொன்னனான். இஞ்ச இருக்கிறார் எண்டு சொல்லேல்லை.”

“அப்ப எங்க இரிக்கிறார் எண்டு சொல்லுங்க. எவ்வளவு தூரமெண்டாலும் நான் போறன். சின்னவள் தினமும் துறைக்குப் போய்ப் பார்த்திட்டு வாறாள். வாப்பா வருவாரெண்டு பிரக்கிராசி ஐயா சொன்னாராமெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறாள். எனக்கு மறுத்துச் சொல்ல ஏலாது, ஐயா. நீங்க படிச்ச ஆள். இரிக்கிறாரெண்டால் தாங்க. இல்லாட்டி மவுத்தாகிட்டாரெண்டு உங்கட வாயால ஒரு சொல் சொல்லுங்க.”

நான் கையில் எடுத்த பற்றிஸைத் திரும்பத் தட்டில் வைத்தேன். பசியில்லை என்று நினைத்துக்கொண்டேன். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

இறந்துவிட்டார் என்றால் பணம் கொடுக்கவேண்டும், அதுவும் மனேச்சர் முன்னால். இருக்கிறார் என்றால் ஆளைக் கொடுக்கவேண்டும். வருந்துகிறோம் என்ற சொல்கூட ஆனந்தராசாவுக்கு வரவில்லை.

“சரி ஐயா, அவசரமில்ல,” என்றார் நஜ்முன் நிஸா. “வரட்டும். நான் இரிக்கன்.” சாரனையும் சேட்டையும் மடியில் வைத்துக்கொண்டு வாசல் வாங்கில் உட்கார்ந்தார்.

மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். சண்டையில்லை, அழுகையில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. இன்றைக்கும் காலையில் வந்து இருந்தால் பொழுதுபடத்தான் எழும்புகிறார். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கிறார்கள், அவர் சொல்கிறார். ஆனந்தராசாவின் சட்ட வாழ்க்கை இதனால் சிறிதும் பாதிக்கப்படவில்லை. அடுத்த மாதம் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு உயர்வு பெற்றுப் போகிறார். அவ்வளவும் அவருடைய திறமைக்குத் தகும்.

அதுவரைக்கும், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாத நாங்கள் மூவரும் மாலையானால் முன்கதவை உள்ளே பூட்டிவிட்டுப் பின்கதவால் வீட்டுக்குப் போகிறோம். கள்ளரும் அந்த வழியால்தான் போவார்கள். நாங்கள் சட்டப்படி போகிறோம்.