ஆறு மனுவும் ஒரு கோட்டும்

திருத்துறைப்பூண்டி அருகே,
ஐப்பசி 3.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை குணசேகரன் அவர்களுக்கு, மாமனார் வைரக்கண்ணு மரியாதை குறையாமல் எழுதுவது. என் ரத்தக் கொதிப்பைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். கொதிப்புக்குக் காரணம் தாங்கள்.

லண்டனில் வேலை நேரம் போக ராப் பாடுகிறீர்கள் என்று என் மகள் கவிப்ரியா சொன்னபோது, மாப்பிள்ளை ஆவேசமாக நாலு நியாயம் கேட்கிறார் என்று பெருமைப்பட்டேன். லீவில் வந்து நம் வாய்க்கால் மதகில் நின்று வீடியோ எடுத்தபோதுதான் தெரிந்தது, அதற்குப் பெயர் சாப் ஹாப், வெள்ளைக்காரர்களே தங்கள் பழைய துரைமாரைக் கேலி செய்கிற பாட்டு என்று. புரட்டாசி வெயிலில் கம்பளிக் கோட்டு, ஒட்டு மீசை, கக்கத்தில் குடை, கையில் டீ கப். எதிராளியைத் திட்டுவதற்கு முன்னால் அவனிடமே மன்னிப்பு வேறு கேட்கிறீர்கள். என் மூன்று ஏக்கர் சம்பா தண்ணீரில்லாமல் சுருண்டு கிடந்தது, அதன் எதிரே நின்று டீ ஆறிப்போச்சு என்று இங்கிலீஷில் பாடினால் எனக்கு எப்படி இருக்கும்?

அதோடு தொலைந்ததா? அந்த நேரம் பார்த்து ஜீப்பில் வந்தார் பாசன அதிகாரி. வாய்க்காலைத் தூர் வாருங்கள், கடைமடைக்குத் தண்ணீர் விடுங்கள் என்று ஆறு மனு கொடுத்தேன், ஒரு தடவையாவது உட்காருங்க என்று சொன்ன மனுஷனில்லை. கோட்டைப் பார்த்ததும் இறங்கி வந்து, வெளிநாட்டு நிதிக்காரர்கள் அனுப்பிய ஆள் என்று நினைத்துக் கும்பிடு போடுகிறார். நீங்க பாட்டை நிறுத்தாம தலையை மட்டும் ஆட்டுனீங்க. "நாளைக்கே பண்ணிடறோம் சார்"னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் காலையில மெஷின் வந்து வாய்க்காலை அடைச்சிருந்த காட்டாமணக்கை வாரிப் போட்டுச்சு, சாயங்காலம் தண்ணி வந்துடுச்சு. எனக்கு வயிறு எரியுது மாப்பிள்ளை. ஊர்ல அறுபது பேர் போட்ட கையெழுத்துக்கு இல்லாத மரியாதை ஒரு கம்பளிக்கு இருக்குன்னா, வெள்ளைக்கார துரை நாட்டை விட்டு எங்கே போனான்? டீக்கடையில கண்ணுசாமி என்னை 'துரை மாமனார்'னு கூப்பிடறான்.

ஆகையால் அந்த வீடியோவை உடனே அழித்துவிடவும். தாங்கள் விட்டுப்போன கோட்டை இன்றே பார்சலில் அனுப்பிவிடுகிறேன், அது என் வீட்டுக் கொடியில் தொங்கக் கூடாது. காவிரித் தாய் கடைமடை வரை வந்து உங்கள் இருவரையும் வாழ்த்தட்டும்.

இப்படிக்கு,
வைரக்கண்ணு

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் மதகை மறுபடி அடைத்துவிட்டார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு நானே ஆபீசுக்குப் போனேன். எழுந்து நின்ற அதிகாரி, என் முகத்தைப் பார்ப்பதற்குள் டீ சொல்லிவிட்டார். மதகு திறந்தாச்சு. கோட்டு வராது மாப்பிள்ளை. அந்தப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பவும். மன்னிப்புக் கேட்கிற வரி மட்டும் வேண்டாம்.