வாய் திறக்காதவரின் பாஸ்வேர்டு

‘பாஸ்வேர்டு தவறு’ என்று வரைபடக்காரரின் கம்ப்யூட்டர் திரை மறுபடியும் சொன்னது. அதே நேரம் பார்த்து மேசை மேல் இருந்த போன் அலறியது. மானேஜர்தான்.

"இன்னும் எவ்வளவு நேரம்? பெரிய முதலாளி வந்து உக்காந்தாச்சு. மீட்டிங் ரூம் சுவர்த் திரையில வெறும் வெள்ளைப் பக்கத்தைப் போட்டு வச்சுக்கிட்டு நான் எத்தனை நேரம் வாயால பந்தல் போடறது?"

"இதோ சார், அனுப்பிடறேன் சார்."

"பேரை மாத்தியாச்சா?"

"மாத்திடறேன் சார்."

"படம் வந்தாகணும். வரலைன்னா நாளைலேர்ந்து நீங்களும் வர வேண்டாம்."

போன் பட்டென்று வைக்கப்பட்டது.

அந்தப் படம் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டின் படம். நோயாளி படுத்திருக்கும் கட்டிலைத் திருப்பாமலேயே இந்தப் பக்கம் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கும்படி, இரண்டு பக்கமும் கதவு வைத்து அவர் வரைந்தது. மாதக்கணக்காகக் கண் எரிய எரிய உட்கார்ந்த வேலை. நேற்று அதைப் பார்த்த மானேஜர், "பிரமாதம்!" என்றார். அதே மூச்சில், "கீழ என் மச்சினன் பேரைப் போட்டுடுங்க, புதுசா சேர்ந்திருக்கான், முன்னுக்கு வரட்டும்" என்றார்.

நீங்களும் நானுமாக இருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்போம். நம்மவர், "சரி சார்" என்று சொல்லிவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

அதற்காக அவருக்குக் கோபமே வராது என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி வண்டியாக வரும். வாய் வரைக்கும்தான் வராது. அந்த ஆபீசில் மாதம் பிறந்தால் எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும். மற்றவர்கள் பிள்ளை பெயர், மனைவி பெயர் என்று வைத்துக்கொள்வார்கள். இவரோ மானேஜரை அந்த மாதம் எப்படித் திட்ட நினைக்கிறாரோ, அதையே வைத்துக்கொள்வார். திட்டு தமிழ், எழுத்து ஆங்கிலம். தினமும் காலையில் ஒரு தடவை ஆசை தீரத் திட்டிவிட்டு வேலையை ஆரம்பிப்பதில் உடம்புக்கே ஒரு தெம்பு. அடுத்தவன் கண்ணுக்கு அது வெறும் புள்ளிதானே!

நேற்று சாயங்காலமும் அப்படித்தான் ஒரு புதுத் திட்டு வைத்தார். வம்பு என்னவென்றால், நேற்று மனசுக்குள் ஊர்ப்பட்ட திட்டு ஓடியது. அதில் எதை வைத்தோம் என்பது இன்றைக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவர் லீவு. அவர் போனோ அணைத்துக் கிடக்கிறது.

வரைபடக்காரர் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். குனிந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி, ‘சொட்டைத்தலைச் சோம்பேறி’ என்று தட்டினார். மவுசால் அம்புக்குறியை அமுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

பாஸ்வேர்டு தவறு.

சுவருக்கு அந்தப் பக்கம் மீட்டிங் அறையில் பெரிய முதலாளி களுக்கென்று சிரிப்பது கேட்டது. ‘ஆஹா, இந்த மனுஷன் அவரை நல்லா மயக்கிக்கிட்டிருக்காரே’ என்று இவருக்குப் பதறியது. நேற்று ராத்திரி வீட்டில் எல்லாத் திட்டையும் ஒப்பித்தது நினைவுக்கு வர, மனைவிக்குப் போன் போட்டார்.

"நேத்து நான் மானேஜரை என்னென்ன சொன்னேன்? ஒவ்வொண்ணா சொல்லு, சீக்கிரம்!"

"எதைன்னு சொல்றது? நேத்து நீங்க சாப்பிட்டதை விடத் திட்டினதுதான் ஜாஸ்தி."

"விளையாடாதே, வேலையே போயிடும்போல இருக்கு!"

"சரி சரி. ‘இரவல் மூளை’ன்னு சொன்னீங்க."

தட்டினார். தவறு. சுவருக்கு அப்பால் சிரிப்பு.

"அப்புறம்?"

"‘முதலாளி தும்மினா இவன் மூக்கைத் துடைச்சுக்குவான்’னு சொன்னீங்க."

தட்டினார். தவறு. சிரிப்பு இப்போது கொஞ்சம் பலமாகவே வந்தது.

"வேற?"

"‘முதுகெலும்பில்லாத ஜென்மம்.’ இல்லல்ல, அதை விடுங்க, அது நான் உங்களைச் சொன்னது."

எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் தட்டிப் பார்த்தார். அதுவும் தவறு.

"ஏங்க, அந்தாள் மூஞ்சிக்கு நேரா ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தப் பாடு உண்டா? வீரமெல்லாம் பாஸ்வேர்டுலதான்!" என்று மனைவி சொன்னாள். அவருக்கு ரோஷமாக இருந்தது, போனை வைத்துவிட்டார்.

காலி டம்ளர்களோடு காபி கொடுக்கும் அம்மா மீட்டிங் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"உள்ள என்னம்மா நடக்குது?"

"பெரிய முதலாளிக்கு ஒரே குஷி சார். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கறார். மானேஜருக்கும் பூரிப்பு. தன் பேச்சுக்குத்தான் சிரிக்கறார்னு இன்னும் ஜோரா பேசறார்." அடுத்த சுற்றுக் காபிக்காக அவள் ஓடினாள்.

தொலைந்தது! முதலாளி இப்படி மயங்கிக் கிடக்கும்போது மானேஜர் என்ன சொன்னாலும் வேதவாக்குதான். படம் போகாவிட்டால் இவர் சீட்டு கிழிவது நிச்சயம்.

இவ்வளவு நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருந்த பக்கத்து மேசைக்காரி நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள். விலை எழுதி அனுப்பும் வேலை அவளுக்கு. ஆபீஸ் முழுக்க அவளுக்குக் கொட்டேஷன் அக்கா என்றே பெயர்.

"தம்பி, நிதானமா யோசிச்சா அது வராது. கோபத்துல வச்சது கோபம் வந்தாத்தான் வரும். நான் இப்ப மானேஜர்னு வச்சுக்கங்க."

"ஐயோ, வேண்டாங்கா."

அக்கா விடவில்லை. மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மானேஜரைப் போலவே கனைத்துக்கொண்டாள். "என்னய்யா படம் வரைஞ்சிருக்கே? கோடு போடறதெல்லாம் ஒரு வேலையா? என் மச்சினன் தூங்கிக்கிட்டே போடுவான்!"

"அக்கா, போதும்."

"ரெண்டு பக்கமும் கதவாம்! அவன் காபி குடிக்கறப்போ சொன்ன யோசனைதானே அது? அதைக் கேட்டு எழுதிக்கிட்டவன் தானே நீ?"

வரைபடக்காரரின் காது மடல் சிவந்தது. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று தெரிந்தும் ரத்தம் கொதித்தது. அந்தக் கதவுக்காக அவர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் நின்றவர். திரும்ப இடமில்லாமல் கட்டில் சுவரில் இடித்ததையும், படுத்திருந்தவர் முகம் வலியில் கோணியதையும் கண்ணால் பார்த்தவர்.

"ஏன்யா பேசாம நிக்கறே? சொல்லு, ‘சரி சார்’!"

அவ்வளவுதான். ஒற்றை விரல் போய்ப் பத்து விரலும் கீபோர்டில் பாய்ந்தது. தலை நிமிரவே இல்லை. ‘அடேய் திருட்டுப்பயலே இது நான் வரைஞ்ச படம் ஒவ்வொரு கோடும் என்னோடது உன் மச்சினனுக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னுகூடத் தெரியாது பேரை மாத்தலைன்னா வேலையைப் பிடுங்குவியா பிடுங்கிப் பாருடா’ என்று மூச்சு விடாமல் தட்டித் தீர்த்தார்.

மவுசை அமுக்கினார்.

பாஸ்வேர்டு தவறு.

இந்தத் தடவை சுவருக்கு அப்பால் சிரிப்பே கேட்கவில்லை. மானேஜர் குரல் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. வரைபடக்காரர் நாற்காலியில் அப்படியே சரிந்தார். "முடிஞ்சுதுக்கா. வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு சாப்பாட்டுப் பையைத் தேடினார். கண்ணில் நீர் முட்டியது. அக்காவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

மீட்டிங் அறைக் கதவு திறந்தது. காபி அம்மா வேகவேகமாக இவரிடம் வந்தாள். கையில் தட்டு இல்லை, அக்குளில் ஒரு கீபோர்டு இருந்தது. அதை மேசை மேல் வைத்துவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க, பெரிய முதலாளி ஜாடை காட்டின பிறகுதான் நானே கவனிச்சேன். காலைல தூசி தட்டறப்போ, ஒயர் இல்லாத கீபோர்டுங்களா, உங்களதையும் மீட்டிங் ரூமோடதையும் மாத்தி வச்சுட்டேன். நீங்க தட்டினதெல்லாம் அங்க சுவர்ல பெருசு பெருசா வந்துகிட்டிருக்கு. மானேஜர் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசறார், இன்னும் பாக்கலை."

வரைபடக்காரர் தன் முன்னால் இருந்த கீபோர்டை நெருப்பைத் தொட்டவர் போலத் தள்ளிவிட்டார்.

"பயப்படாதீங்க சார்," என்றாள் காபி அம்மா, "அந்த மீட்டிங் ரூம் கீபோர்டைத் திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி, படம் வரைஞ்சவர் பேரையும் அதுல தட்டிடச் சொன்னார் பெரிய முதலாளி."