மாமியார் குடமும் மலை உச்சி ஏரியும்

வேலை ரொம்பச் சின்னது. நேப்பாளம் போகணும், மலை ஏறணும், கோசாய்குண்டம் ஏரியில ஒரு குடம் தண்ணி மொள்ளணும், வீட்டுக்கு வரணும்.

அந்த ஏரியச் சிவபெருமானே உண்டாக்கினாருன்னு சொல்றாங்க. மலேசியாவுல, மலாக்கா பக்கம் ரெம்பியாங்கிற ஊர்ல என் மாமியார் குடும்பம் பாத்துக்கிற மாரியம்மன் கோயிலுக்கு கும்பாபிஷேகம் வச்சிருந்தாங்க, அதுக்குத் தீர்த்தம் வேணும். போன தடவ என் சகலை, அதாவது மூத்த மாப்பிள்ளை, காசிக்குப் போயி கங்கைத் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. அன்னையிலேர்ந்து அத்தை வீட்டு ரம்புத்தான் மரத்தடி நிழல் அவரு காருக்குத்தான். என் காரு வெயில்ல நிக்கும்.

எனக்கு அது ரொம்ப நாளா மனசுல அரிச்சிக்கிட்டே இருந்துச்சு. கோயில் மீட்டிங்ல யாரு போறான்னு கேட்டப்ப, நான் கையத் தூக்கிட்டேன். கங்கை கீழ ஓடுது, நான் மேலேர்ந்தே கொண்டாறேன்னு வேற சொல்லிட்டேன்.

நான் அதே மலாக்கா பக்கம் ஜாசின்ல டயர் கடை வச்சிருக்கேன். வாரத்துல நான் ஏறுற பெரிய உசரம் கடை மாடியில இருக்கிற ஸ்டோர் ரூம்தான். என் பொண்டாட்டி என்னைய மேலேர்ந்து கீழ ஒரு தடவ பாத்துட்டு, இன்சூரன்ஸ் எடுத்துட்டுப் போங்கன்னா.

கெளம்புற அன்னைக்கு அத்தை ஒரு பித்தளைக் குடம் குடுத்தாங்க. புளி போட்டு வெளக்கி, வாயில மஞ்சத் துணி கட்டியிருந்துச்சு. கூடவே ஒரு கண்டிஷன்.

"மாப்பிள்ளை, பால்குடம் மாதிரிதான் இது. கெளம்புனா திரும்பி வர்ற வரைக்கும் தரையில வைக்கக் கூடாது. வச்சீங்கன்னா தீர்த்தம் செல்லாது."

காலிக் குடத்துக்குமான்னு கேட்டேன். காலியா போனாலும் சாமி காரியமாத்தானே போவுதுன்னாங்க. நான் பெரிய வீரன் மாதிரி தலையாட்டினேன். பால்குடம் எடுத்தா கோயில் ஒரு சுத்து, தெரு ஒரு சுத்து, முடிஞ்சிடும். இது நாள்கணக்குல மலையேறுற வேலைன்னு அவங்களும் யோசிக்கல, நானும் யோசிக்கல.

ஏர்போர்ட்லயே ஆரம்பிச்சிடுச்சு. ஸ்கேன் மெஷின்ல வைக்கச் சொன்னாங்க. பெல்ட்டு தரை கிடையாதுன்னு நானே தீர்ப்பு சொல்லிக்கிட்டேன். பிளேன்ல மடியில வச்சிக்கிட்டு, அதுக்கும் எனக்கும் நடுவுல சாப்பாட்டுத் தட்ட வைக்க எடமில்லாம, பட்டினியா போயி எறங்கினேன்.

எங்க கைடு பேரு தாவா. மனுஷன் முன்னாடி மலாக்காவுல ஒரு பெக்டரில செக்யூரிட்டியா இருந்தவரு, மலாய் சரளமா பேசுறாரு. எனக்கு உசுரு வந்துச்சு. எங்களோட ஒரு வயசான ஜெர்மன் ஜோடியும் வந்தாங்க.

நான் குடத்த நெஞ்சோட அணைச்சிக்கிட்டு நிக்கிறதப் பாத்துட்டு, தாவா என்னையத் தனியா கூப்பிட்டு, இது யாருக்காகன்னு மலாய்ல மெதுவா கேட்டாரு. என் மாமியாருக்கு, அவங்க ஆசை, தரையில மட்டும் வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்.

அவரு என் தோள்ல கைய வச்சி, "சபார்லா, அபாங்" அப்படின்னாரு. பொறுமையா இருங்கண்ணன்னு அர்த்தம். மலையேறுறதப் பத்திச் சொல்றாருன்னு நெனச்சிக்கிட்டேன்.

ஏற ஆரம்பிச்சோம். கொஞ்ச தூரத்துலயே என் மூச்சு பஞ்சரான டயர் மாதிரி சத்தம் போட ஆரம்பிச்சிடுச்சு. ஆனா எனக்குக் கெடச்ச மரியாதை இருக்கே, அத என்னன்னு சொல்றது! தங்குற எடத்துல அடுப்பு பக்கத்து எடம் எனக்கு. சுடச்சுட சூப்பு மொதல்ல எனக்கு. நான் கழிவறைக்குப் போறப்பெல்லாம் அந்த ஜெர்மன் அம்மா ரெண்டு கையாலயும் குடத்த வாங்கி வெளிய நிப்பாங்க. திரும்பி வந்து பாத்தா அவங்க கண்ணு கலங்கியிருக்கும். குளிர் காத்து போலன்னு நெனச்சேன்.

குடத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டுத் தூங்கினேன். லாட்ஜ்கார அம்மா அது பக்கத்துல ஒரு வெளக்கு ஏத்தி வச்சாங்க. வைஃபை கெடச்சதும் குடும்ப வாட்சப்புல, இங்க மலேசியாக்காரங்கன்னா தனி மரியாதைன்னு மெசேஜ் போட்டேன். சகலை பாத்தாரு, பதில் போடல. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

கடைசியில ஏரிக்கு வந்து சேந்தோம். நீலமா, அசையாம கெடந்துச்சு. அந்தக் கணத்துல எனக்கே சிலிர்த்துப் போச்சு, குடத்தோடவே கை தன்னால கும்பிட்டுச்சு.

தாவா எல்லாரையும் வரிசையா நிக்க வச்சாரு. தொப்பியக் கழட்டினாங்க. தலையக் குனிஞ்சாங்க. ஜெர்மன் அம்மா தேம்பினாங்க. ஏரிக்கு மரியாதை செய்யுற முறை போலன்னு நெனச்சி, ஏரிக்கரை லாட்ஜ்காரர்கிட்ட போனக் குடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். நடுவுல நின்னு, கட்ட வெரலத் தூக்கிக்கிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சேன். லாட்ஜ் வைஃபை அங்க வரைக்கும் வந்துச்சு, படத்த அப்பவே வாட்சப்புல தட்டிவிட்டேன்.

அப்புறம் தாவா தலையாட்டி சைகை காட்டினாரு. நான் குனிஞ்சி, மஞ்சத் துணிய அவுத்து, குடத்த முக்கி நெறைய மொண்டுக்கிட்டு எழுந்தேன்.

திரும்பிப் பாத்தா ஜெர்மன்காரரு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறாரு. தாவா கிட்ட வந்து குடத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டு, சாம்பல் எங்கன்னு கேட்டாரு.

என்ன சாம்பல்னு நான் கேட்டேன். உங்க மாமியாரோட சாம்பல்னாரு.

சரியா அந்த நேரத்துல போன் அடிச்சது. வீடியோ கால். அத்தை!

"மாப்பிள்ளை, மொண்டாச்சா? கொஞ்சம் காட்டுங்க."

ஒரு கையில குடம், ஒரு கையில போன். எல்லாருக்கும் தெரியுற மாதிரி போனத் திருப்பி, இவங்கதான் என் மாமியார்னு மலாய்லயும் இங்கிலீஷ்லயும் சொன்னேன். தாவா சாமி பேரச் சொல்லிக்கிட்டே ரெண்டு எட்டு பின்னால போயிட்டாரு. ஜெர்மன் அம்மா பக்கத்துல இருந்த பாறையில உக்காந்துட்டாங்க.

தாவா அங்கேர்ந்தே, இவங்க இன்னும் சாகலையான்னு மலாய்ல கேட்டாரு. நான் ஒண்ணு மறந்துட்டேன். அத்தை மலாய் என்னைய விட நல்லா பேசுவாங்க.

அத்தை, போன அவருகிட்ட குடுங்கன்னாங்க. குடுத்தேன். தாவா செக்யூரிட்டி வேலை பாத்தவரில்லையா, ஒண்ணு விடாம ரிப்போர்ட் குடுத்தாரு. மாமியாரோட கடைசி ஆசைன்னு நெனச்சது, வெளக்கு ஏத்துனது, ஜெர்மன் அம்மா தெனமும் அழுதது, இப்ப மௌன அஞ்சலி செஞ்சது வரைக்கும்.

பயந்துக்கிட்டே போனத் திரும்ப வாங்கினேன். ஆனா குடத்த மட்டும் விடல. அத்தை மொகத்துல கோவம் இல்ல. கேட்டது ஒரே கேள்விதான்.

"எனக்காக இத்தன பேரு அழுதாங்களா?"

ஆமா அத்தேன்னேன். ஜெர்மன் அம்மாவக் காட்டச் சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கை கூப்பிக்கிட்டாங்க. அப்பாடான்னு இருந்துச்சு.

குடம் தரையத் தொடாம ஊரு வந்து சேந்துச்சு. பிளேன்ல தண்ணிய உள்ள விடமாட்டேன்னுட்டாங்க. போத்தல்ல ஊத்தி பெட்டிக்குள்ள துணிக்கு நடுவுல வச்சேன். துணியும் தரை கிடையாது. கும்பாபிஷேகம் ஜோரா நடந்துச்சு. கோபுரத்துலேர்ந்து என் தீர்த்தம் தெளிச்சப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

சாப்பாட்டுப் பந்தியில சொந்தக்காரங்க கூட்டமா எதையோ பாத்துக்கிட்டிருந்தாங்க. பாராட்டப் போறாங்கன்னு நெனச்சி நானும் எட்டிப் பாத்தேன். அத்தை போன்ல, நான் ஏரிக்கரையிலேர்ந்து அனுப்புன படத்தப் பெருசாக்கிக் காட்டிக்கிட்டிருந்தாங்க.

"யாரு பெத்த புள்ளைங்களோ, என் சாவுக்கு இப்படித் தேம்புறாங்க. நடுவுல பாருங்க. இதான் என் மாப்பிள்ளை."

நான் கத்துக்கிட்டது இதுதான் மக்களே: நாலு பேரு தலை குனிஞ்சி நின்னா, காரணத்த அப்புறம் கேட்டுக்கலாம், மொதல்ல அழுதுடுங்க.