ஸ்கேல் அளந்த ஐந்தாவது பூனை

உலகத்தில் அளக்க முடியாதது எதுவுமே கிடையாது என்று நம்பிய ஒரே ஜீவன், சாரம் பகுதி லேடீஸ் ஹாஸ்டலில் என் அறையில்தான் இருந்தாள். அவள் நிஜப் பெயர் வாத்தியார்களுக்கே மறந்துபோச்சு. எல்லோருக்கும் அவள் ஸ்கேல்.

நாங்கள் படித்தது அனிமேஷன். எந்தப் படம் ஓடினாலும் நிறுத்துவாள். ஸ்டீல் ஸ்கேலை எடுத்து லேப்டாப் திரையில் வைத்து, இரண்டு பாத்திரங்களுக்கு நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதுவாள். ஐந்து நிமிடப் படம் முடிய இரண்டு நாள் ஆகும்.

கடைசி செமஸ்டர் செமினாருக்கு அவளோடு என்னை ஜோடி சேர்த்தார்கள். அந்தப் பேப்பரில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள் நான். இந்தத் தடவையும் போனால் சென்னையில் கிடைத்திருந்த வேலை அம்போ. மேடை ஏறினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது வேறு.

செமினாரில் நாங்கள் அலசி விளக்க வேண்டிய குறும்படத்தில் ஓட்டுக்கூரை மேல் நான்கு பூனைகள், கீழே புதிதாக வந்த ஐந்தாவது. மேலே மஞ்சள் வெயில், கீழே சாம்பல் நிழல். முதலில் கேமரா அதைக் கூரையிலிருந்து குனிந்து பார்க்கும். கடைசியில் ஐந்தும் கூரை விளிம்பில் வரிசையாக உட்கார, கேமராவும் அவற்றின் கண் மட்டத்துக்கு வந்துவிடும். அந்நியம் எப்படி ஒட்டுதலாகிறது என்று விளக்க இதுவே போதும். ஸ்கேலுக்குப் போதவில்லை.

இடைவெளி குறைந்தால் பாசம் கூடுகிறதா என்று நிஜத்தில் சரிபார்க்க வேண்டுமாம், பெரிய மார்க்கெட்டுக்கு இழுத்துப்போனாள். இரண்டு மீன்காரம்மாக்களின் கூடைகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்ததுதான் தாமதம், வரிசையே எழுந்துவிட்டது.

"இன்னா பாப்பா, எங்கள இங்கேர்ந்து கெளப்பத்தான் அளவு எடுக்குறியா?"

"இல்லக்கா, நீங்க ரெண்டு பேரும் எவ்ளோ பாசமா இருக்கீங்கன்னு பாக்குறேன்."

அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளாமல் ஒரு வருஷமாகிறதாம். ஆட்டோ பிடித்துத் தப்பித்தோம்.

செமினார் நாள் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மேடம் முன்வரிசையில் உட்கார்ந்தார். புரொஜெக்டரைப் போட்டதும் ஸ்கேல் முகம் வெளுத்தது. நோட்டில் ஆறு சென்டிமீட்டராக இருந்த இடைவெளி சுவரில் ஆள் உயரம் இருந்தது. எல்லாம் தப்பாகிவிட்டது என்று முணுமுணுத்தவள், மேடம் கண்ணெதிரே நாற்காலி போட்டு ஏறி மறுபடி அளக்க ஆரம்பித்தாள். வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அவங்க அளக்கட்டும். அந்தப் பூனை கூட்டத்துல சேந்துடுச்சுன்னு நீங்க எதை வெச்சுச் சொல்றீங்க?"

மனப்பாடம் செய்த ஒரு வரிகூட வரவில்லை. வேலை போச்சு என்றே நினைத்தேன். ஸ்கேல் திரும்பிப் பார்த்தாள். அளவைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்து, என் தோளோடு தோள் ஒட்டி நின்றாள்.

திரையைப் பார்த்தேன். அத்தனை முறை பார்த்தும் கவனிக்காத ஒன்று அப்போதுதான் கண்ணில் பட்டது.

"அதுக்கு முடி இன்னும் சிலிர்த்துக்கிட்டுதான் இருக்கு மேடம். பயம் போகல. ஆனா பக்கத்துப் பூனை தன் வாலை அது மேல போட்டிருக்கு."

மேடம் தலையசைத்தார். அதற்குப் பிறகு நிறமும் கேமராவும் தானாக வாயில் வந்தன.

பாஸானோம். நோட்டில் இருந்த அளவுகளால்தான் என்று ஸ்கேல் இன்றைக்கும் போனில் அடித்துச் சொல்கிறாள். நான் மறுப்பதில்லை. அன்றைக்கு அவள் வந்து ஒட்டி நிற்காவிட்டால், நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.